மோந்து பார்க்காத தாமரை

பெட்ரோல் தட்டுப்பாட்டு நாட்கள். பஸ் வராததால் கோட்டை ஸ்டேஷன் வாசலில் ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா ஏறினேன். எதிரே ஒரு ஸ்ரீரங்கத்து மாமி, மடியில் ஈரத்துணி சுற்றிய வெண்தாமரைகள். மாமியின் பக்கத்தில் தென்னூர் அம்மாள் ஒருவர். பூவிடம் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க. பெருமாளுக்குப் போற பூவை மோந்து பாக்கப் போயிட்டேன்.”

“தாராளமா மோந்து பாருங்கோ. இது பெருமாளுக்கு இல்லை, எங்காத்துக்காரருக்கு.”

தென்னூர் அம்மாள் விழித்தார்.

“நெஞ்சு படபடப்புக்கு இதழைக் கஷாயம் போட்டுக் கொடுக்கச் சொன்னார் வைத்தியர். எங்காத்துக்காரரோ கோவில் நந்தவனத்திலே பூப்பறிச்சே வயசானவர். வாசனை படக்கூடாதுன்னு மூக்கிலே துணியைக் கட்டிண்டுதான் பறிப்பார். கல்யாணம் ஆன புதுசிலே அவர் வேஷ்டியெல்லாம் தாமரை மணக்கும். நான்தான் மோந்துப்பேன்.”

“கஷாயம் குடிக்கிறாரா?”

“மூச்சைப் பிடிச்சுண்டு குடிப்பார். நேத்திக்கு ஒரு பூவைக் கையிலேயே கொடுத்து, மோந்து பாருங்கோன்னேன்.”

“மோந்தாரா?”

“ரொம்ப நேரம்.”

வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது.

“என்ன சொன்னார்?”

“இத்தனை வருஷமா பெருமாளுக்கு என்ன கொடுத்தேன்னு இன்னிக்குத்தான் தெரியறதுன்னார்.”