கவர் நோட்டில் மணி எழுதாத காலம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறியபோதும் சத்தியம் செய்தேன், அது கோர்ட்டுக்காக. இப்போது யாரும் கேட்காமலே, கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மற்றதை உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் சத்தியத்தோடு ஓய்ந்துவிட்டது.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து விற்றவன். கொஞ்சம் தறிகள், ஒரு பழைய அம்பாசடர். மேட்டில் ஏறும்போது வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் அது ஏறும். ஒரு தீபாவளிச் சமயத்தில் அதன் இன்சூரன்ஸ் முடிந்துபோனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஏஜெண்ட் பாஷ்யம் ஞாபகப்படுத்திக் கடுதாசி போட்டிருந்தார். ஆடு தின்றுவிட்டது என்று சொல்லியனுப்பினேன். எங்கள் வீட்டில் ஆடு கிடையாது.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை. போலீஸ் அபராதம் பெரிதில்லை. மூன்று மாதம்வரை உள்ளே வைக்கலாம் என்று சட்டம் சொல்லும். வைத்து நான் பார்த்ததில்லை. யார்மேலாவது இடித்துவிட்டால்தான் சங்கதி. கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை வண்டிக்காரன் தன் சொத்தை விற்றுக் கொடுக்க வேண்டும். அடுத்த தெரு சமுத்திரத்தின் வேன் அப்படித்தான் இடித்தது. கோர்ட் அமீனா வந்து அவருடைய தறிகளை ஜப்தி செய்தார். மாமியார் உட்கார்ந்திருந்த ஊஞ்சலையும் எழுதினார். மாமியார் இறங்க மாட்டேன் என்றதால் அவரையும் சேர்த்து எழுதிக்கொண்டார். ஊஞ்சல் ஏலம் போனது. மாமியாரை யாரும் கேட்கவில்லை. சமுத்திரம் பிறகு என்னிடம் கூலிக்குத் தறி ஓட்டினார். தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

எண்பத்தாறாம் வருஷ மார்கழியில் ஒரு காலை, டிக்கி நிறைய பேண்டேஜ் சுருளோடு மதுரைக்குப் புறப்பட்டேன். ஊர் தாண்டியதும் பனி. பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. வன்னியம்பட்டி பால்ச்சாமி, கீரை விற்கிறவர். வண்டி அவர் விலாவில் பட்டது. பிழைக்க மாட்டார் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் டிக்கியில் இருந்த துணிக்கும் வேலை இல்லை. இடித்துவிட்டு அப்படியே போய்விடுகிறவர்கள் உண்டு. நான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே போனால் போலீஸ் வரும், வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விடும். முடிந்துபோன இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஏஜெண்ட் வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அங்கேயே கவர் நோட் எழுதிக் கொடுப்பார். பாலிசி வரும்வரை அந்தச் சீட்டுதான் பாலிசி. அந்தக் காலத்தில் அதில் தேதி மட்டும் போடுவார்கள், மணி போடுவதில்லை. அன்றைக்கு வாங்கினால் அன்றைக்கு நடந்ததெல்லாம் அதற்குள் அடக்கம். மணி எழுதும் வழக்கம் பின்னால் வந்தது. என்னைப் போல் இன்னும் நாலு பேர் இருந்திருக்க வேண்டும். ஆக, முதலில் பாஷ்யம் வீடு, பிறகு ஆஸ்பத்திரி. இன்றைக்கு யோசித்தாலும் வேறு வரிசை தோன்றவில்லை.

பாஷ்யம் வீட்டில் இல்லை. "கோஷ்டிக்குப் போயிருக்கார். சாத்துமுறை ஆகாம எழுந்து வரமாட்டார். காபி சாப்பிடறேளா?" என்றார் அவர் மனைவி அம்புஜவல்லி.

கோயில் கோஷ்டியில் உட்கார்ந்து சொல்லும் பாராயணம் சாத்துமுறையோடுதான் முடியும். நடுவில் போய் ஒருவரை எழுப்புவது மரியாதை இல்லை. காபி குடித்தேன். கோயில் ஒலிபெருக்கி தெருவரைக்கும் கேட்டது. முடியப்போவதுபோலக் குரல்கள் இறங்கும், மறுபடி ஏறும்.

வண்டிக்குப் போய்ப் பார்த்தேன். பால்ச்சாமி கண்ணைத் திறந்து, "ஆஸ்பத்திரி வந்திருச்சா, அண்ணாச்சி?" என்றார்.

"செத்த நேரம் பொறும். வந்திருச்சு."

தண்ணீர் கேட்டார். அம்புஜவல்லியிடம் ஒரு செம்பு வாங்கிக் கொடுத்தேன். என் சால்வையைப் போர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எனக்கும் அலுப்பாக இருந்தது, விடியுமுன்னே எழுந்தவன்.

சாத்துமுறை முடிந்து, கையில் பொங்கல் தொன்னையோடு பாஷ்யம் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். விளக்கு ஏன் உடைந்திருக்கிறது என்று கேட்டார். மாடு என்றேன்.

"ஆடு போய் இப்போ மாடா, ஓய்?" என்று சிரித்தவர், கண்ணாடி வழியாகப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யார் பின்னால?"

"எங்க மாமா. ராத்திரி பூரா பஸ்ல வந்தாக. தூங்குதாக."

"பாவம். எழுப்பாதேயும்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து, முன்பக்கம் பானட்டின் மேல் வைத்துக் கவர் நோட்டை எழுதினார். மாமா எழுந்ததும் கொடுக்கச் சொல்லிப் பொங்கலையும் என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்கியபோது அது இன்னும் சூடாக இருந்தது. பால்ச்சாமி அப்படி இல்லை.

வழக்கு சில வருஷம் இழுத்தது. விபத்து கவர் நோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். பின்னால் என்றேன். பாஷ்யத்தையும் கூப்பிட்டார்கள். கவர் நோட்டில் இருப்பது தன் கையெழுத்து என்றார். வேறெதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. இறங்கிப் போகும்போது என்னை ஒரு முறை பார்த்தார். அதற்கப்புறம் எனக்குக் கடுதாசி போட்டதே இல்லை.

நஷ்டஈடு முழுவதையும் கம்பெனி கட்டியது. யாருக்கு லாபம் என்று பாருங்கள். சீட்டு இல்லாவிட்டால், அமீனா வருமுன் தறிகளை என் மனைவி பரிபூரணம் பெயருக்கு எழுதியிருப்பேன். பால்ச்சாமியின் மனைவி மாடத்திக்குச் சல்லிக்காசு கிடைத்திருக்காது. பணம் வாங்கின கையோடு அவள் என்னைத் தேடி வந்தாள்.

"கடைசிவரைக்கும் எங்க ஆளுகூட இருந்தீகளே, ஐயா. பெத்தவுக இருந்தாப்புல இருந்தீக" என்று கும்பிட்டாள்.

இருந்தது உண்மைதான். மறுக்கவில்லை.

பால்ச்சாமி அந்தப் பின்சீட்டில் செத்தது நான் காக்க வைத்ததால்தான் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், இந்த வயதில் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை, கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனாலும் நான் அறிந்தது ஒன்றுதான்: இடித்த நிமிஷமே அவர் முடிந்துபோனார், எந்த டாக்டர் வந்தும் ஆகியிருக்காது. சைக்கிளை அவரே உருட்டிப்போய் வேலியோரம் நிறுத்திப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, நடந்து வந்து பின்கதவைத் திறந்து ஏறினார்.