மெர்வை நாற்காலியிலிருந்து எழுப்பிய விதம்

காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து வைத்துவிட வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் மீதி நாள் தானாக நம் கைக்குள் வந்துவிடும். இன்றும் மடித்தேன். காவலுக்கு இருந்த பெண் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "இங்க யாரும் இதெல்லாம் செய்யறதில்லம்மா" என்றாள். "அதனாலதான் திரும்பத் திரும்ப இங்கயே வர்றாங்க" என்றேன். சிரித்துவிட்டாள். நல்ல பெண். தோளைக் கொஞ்சம் நிமிர்த்தி நடந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அதையும் சொன்னேன்.

சார்ஜென்ட் லிண்ட்னர், ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்று வக்கீல் சொல்கிறார். பாவம், அவர் வேலை அது. மனதில் இருப்பதை அடக்கி வைக்கும் பழக்கத்தை நான் விட்டு வெகுநாள் ஆகிறது. நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள். என் கணவர் மெர்வை எனக்குப் பிடிக்கும், அதனால்தான். ஆனால் அப்படி ஒரு வரியில் சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

போர்ட் அகஸ்டாவில் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ராஸ்லின் ட்ரெனார்டன் என்று என் பெயரை முழுசாகச் சொன்னவர்கள் ஊரில் யாரும் கிடையாது. "அந்த மேஜைக்காரம்மா" என்பார்கள். ஒருநாள் பல் பிடுங்க வந்த ஒருவர், உள்ளே யாரோ முனகியதைக் கேட்டுப் பயந்து எழுந்து ஓடிப்போனார். நாற்காலியில் அவர் விட்டுப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்து வைத்தேன். மதியச் சாப்பாட்டின்போது பிரித்தேன். வாழ்க்கை மாற வேண்டுமானால் முதலில் நீ மாறு என்று இருந்தது. எனக்கு யாரும் அதுவரை அப்படி நேராக எதையும் சொன்னதில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன்.

சந்தோஷம் என்றால் என்ன என்று அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. விடியும்போது வளைகுடா ஓரம் நடந்தேன். தேநீரில் சர்க்கரையை விட்டேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். முதல் வாரம் கண்ணாடியில் இருந்தவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை, அப்புறம் பழகிக்கொண்டாள். வருகிறவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றேன். டாக்டர் என்னை நிர்வாகியாக்கினார். திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் என் தோழி டெல்வினும் நானும் சேர்ந்து பந்து விளையாட்டுக் கிளப்பின் பின்னறையில் வியாழக்கிழமைகளில் ஒரு வளர்ச்சிக் குழு தொடங்கினோம். குளிர்காலம் வருவதற்குள் அறை நிரம்பிவிட்டது. லாரி ஓட்டுகிற ஒருவர் சிகரெட்டை விட்டார். வாயைத் திறந்தால் குரலே வராத ஒரு பெண் அடிலெய்டு போய் வேலைக்குப் பேட்டி கொடுத்துவிட்டு வந்தாள். இதெல்லாம் உண்மையில் நடந்தவை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

மெர்வ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் கொட்டகையில் ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் ரேடியோ, அதில் கிரிக்கெட், கையில் ஒரு பீர். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு நிமிடம் நின்று சிரித்துவிட்டுத்தான் போவார்கள். உங்கள் ஆட்கள்கூட ரோந்து வண்டியை நிறுத்தியதுண்டு.

"மெர்வ், உனக்குன்னு ஒரு இலக்கு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இருக்கே. சாயங்காலம்."

"சாயங்காலம் என்ன?"

"அது தானா வந்துடும் ராஸ். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். அதான் அது எனக்குப் பிடிச்சிருக்கு."

விடவில்லை நான். "அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எந்த இடத்துல பார்க்கறே?"

நன்றாக யோசித்தார். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி. இங்க மத்தியானம் மூஞ்சில வெயில் அடிக்குது."

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். நான் ஐந்து மணிக்கு எழுவதற்கு முன்னால் எழுந்து கெட்டிலைப் போட்டுவிட்டு, "மகாராணி கிளம்பியாச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். அதுதான் பிரச்சினையே. எழுந்துவிட்ட மனிதர் திரும்பிப் போய்ப் படுத்தால் என்ன அர்த்தம்?

அக்டோபரில் ஊர் மன்றத்தில் என் முதல் பெரிய உரை. மெர்வ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சோம்பலை வெல்வது பற்றிப் பேசினேன். எடுத்துக்காட்டாக என் கணவரைச் சொன்னேன், அன்போடுதான். கடைசியில் கேள்விகள் உண்டா என்றதும் அவர் கை தூக்கினார்.

"மேடம், அந்த வீட்டுக்காரர் பாவம், ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்குச் சாப்பாடு எப்போ?"

மன்றமே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கேக் தட்டுகளோடு எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். குரலே வராத அந்தப் பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் நாற்காலிகளை மடித்து அடுக்கினேன். கோபம் இல்லை, சார்ஜென்ட். கோபம் என்பது ஒரு பழக்கம், அதை நான் விட்டுவிட்டேன். கவனித்தேன், அவ்வளவுதான். ஒரு பக்கம்கூடப் படிக்காத மனிதர், ஒருநாள்கூட முயற்சி செய்யாதவர், அவரைச் சுற்றி அத்தனை பேர். இது எனக்கு அநியாயம் என்று நினைக்கவில்லை. இது அவருக்கு நல்லதில்லை என்று நினைத்தேன்.

அவரைப் பிடித்த நோய் வசதிதான் என்று அன்று புரிந்தது. வசதியை எடுத்துவிட்டால் மனிதன் வளர்வான். எல்லாப் புத்தகமும் இதைச் சொல்கிறது.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். நாற்காலியைப் பழைய சாமான் விற்கும் தர்மக் கடைக்குக் கொடுத்தேன். மெர்வ் தேடிக்கொண்டு போய், அந்தக் கடையிலேயே அதில் உட்கார்ந்து நாள் முழுக்க அரட்டை அடித்தார். வியாபாரம் அதிகமாயிற்று என்று கடைக்காரம்மா மறுநாளும் வரச் சொன்னாள். ரேடியோவை ஒளித்து வைத்தேன். அவரே வர்ணனை சொல்ல ஆரம்பித்தார். "ட்ரெனார்டன் ஓடி வர்றார், வீசறார், மனைவி முறைக்கிறார்" என்று கொட்டகையில் ஒரே கூட்டம். கார் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன், கொஞ்சம் நடக்கட்டுமே என்று. குப்பை வண்டியில் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு, அதே வண்டியில் ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்தார்.

நீங்கள் இப்போது சிரிப்பை அடக்குகிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஜனவரியில், கோடை உச்சத்தில், அடிலெய்டில் வளர்ச்சிக் குழுக்களின் மாநிலக் கூட்டம். எனக்கு மேடை கிடைத்தது. என்ன பேசப் போகிறேன் என்று கேட்டார்கள். உட்கார்ந்தே இருந்த ஒரு மனிதரை எழுந்து நடக்க வைத்த கதை என்று சொல்லிவிட்டேன். டெல்வினுக்கு ஆச்சரியம்.

"மெர்வ் எங்கடி எழுந்தார்? நேத்துகூட அந்தக் கடையில உட்கார்ந்திருந்தாரே."

"எழுந்துடுவார்" என்றேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது என் பழக்கங்களில் ஒன்று.

கூட்டம் சனிக்கிழமை மதியம். அன்று விடிந்ததும் மெர்விடம், வடமேற்கே அவர் இளவயதில் வேலை பார்த்த பழைய ரயில் நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். இப்போது அங்கே தண்டவாளம்கூட இல்லை, காய்ந்து போன ஒரு தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை மாதிரி கிளம்பினார். உப்பிட்ட மாட்டிறைச்சியும் ஊறுகாயும் வைத்து சாண்ட்விச் செய்து, தண்ணீர் பாட்டில்களோடு ஐஸ்பெட்டியில் அடுக்கி அவரே டிக்கியில் ஏற்றினார். பின் இருக்கையில் தொங்கிய என் கோட்டைப் பார்த்தார்.

"பிக்னிக்குக்கு கோட்டா? கங்காரு எல்லாம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லும்."

"உன்னை விட்டுட்டு நான் அப்படியே அடிலெய்டு போறேன்" என்றேன்.

"சரிம்மா" என்றார். வீட்டில் விடுவேன் என்று நினைத்திருப்பார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் வெகுதூரம் போன பிறகு ஒரு ஆட்டுப்பண்ணைக் கேட் வரும். பக்கத்து இருக்கையில் இருப்பவர்தானே இறங்கித் திறக்க வேண்டும்? தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் ஃபோன் காரில் சார்ஜில் இருந்தது. அதை நான் பிடுங்கவில்லை, அவர் எடுக்கவில்லை. கேட்டை அகலத் திறந்து, பெரிய ஹோட்டல் வாசல்காரர் மாதிரி குனிந்து, "வாங்க மேடம், உங்க அறை தயார்" என்றார்.

நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டுதான்.

அன்றைக்கு நாற்பத்தாறு டிகிரி என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். காரிலேயே வானொலி சொன்னது. தண்ணீர் டிக்கியில் இருந்ததும் தெரியும். விட்டுவிட்டு வந்தது தவறுதலாக அல்ல, மறதியாகவும் அல்ல. வேண்டுமென்றே விட்டேன். அப்படியே எழுதுங்கள், அரைகுறையாகப் பொறுப்பேற்பது எனக்குப் பிடிக்காது.

ஊர் வழியாகத்தான் திரும்பினேன். இந்த நிலையத்தின் வாசலில் நீங்கள் காபியோடு நின்றிருந்தீர்கள். கை அசைத்தேன், நீங்களும் அசைத்தீர்கள். பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினபோது ஒரு சின்னச் சஞ்சலம் வந்தது, மறைக்க மாட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பிறகு யோசித்தேன். ஒருவரை நாம் ஓடிப்போய்த் தூக்கிவிட்டால் அவர் தானாக எழ எப்போது கற்றுக்கொள்வார்? மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன். சஞ்சலம் போய்விட்டது. மெர்வின் ஃபோன் அடித்தது. டெல்வின். கேக் கொடுக்க வந்தாளாம், வீடு பூட்டியிருக்கிறதாம்.

"மெர்வ் ஒரு பயணத்துல இருக்கார்" என்றேன்.

"மெர்வா? பயணமா? அடி சக்கை" என்றாள்.

அன்று நான் பேசியதைப் போல் என் வாழ்நாளில் பேசினதில்லை. "இந்த நிமிடம், வாழ்க்கையில் முதல்முறையாக என் கணவர் தன் சொந்தக் காலில் நிற்கிறார்" என்றபோது மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ஒருவர்கூடச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் ஹோட்டல் அறையில் ஐஸ்பெட்டியைத் திறந்து சாண்ட்விச் சாப்பிட்டேன், வீணாக்கக் கூடாது என்று. எனக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்காது. என் பங்கில் மட்டும் ஓரத்தை வெட்டியிருந்தார். அழகாகத் தூங்கினேன். ஞாயிறு முழுக்கப் பயிற்சி வகுப்பு இருந்தது, இரவுதான் வீடு வந்தேன்.

திங்கள் காலை டெல்வின் வந்து மெர்வ் எங்கே என்றாள். சொன்னேன். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ராஸ், ராஸ், என்னடி சொல்றே" என்று என் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினாள். பழைய பயங்கள் அவளை இன்னும் விடவில்லை. உங்களுக்கு ஃபோன் செய்தவள் அவள்தான். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

அவர் உடல் எங்கே கிடைத்தது என்று நீங்கள் நேற்றுச் சொன்னபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நெடுஞ்சாலை வரைக்குமாவது நடந்திருப்பார் என்று நம்பியிருந்தேன். அவர் சாலைப் பக்கம் ஓர் அடிகூட நடக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றைப் புதர் நிழலில், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து, பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட் காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார். நான் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டாம் என்று.

இரவெல்லாம் யோசித்தேன். இப்போது மனம் லேசாக இருக்கிறது. கடைசி வரைக்கும் ஒரு கெட்ட எண்ணம்கூட அவருக்கு வரவில்லை, பார்த்தீர்களா? எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று உறுதியாக நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார். புத்தகங்கள் சொல்வதும் அதைத்தானே, சார்ஜென்ட்? ஒரு பக்கம்கூடப் படிக்காமல் மெர்வ் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொன்னால் தற்பெருமை ஆகாது என்று நினைக்கிறேன்.