பத்து நிமிட இடைவெளி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரியே. வயது முப்பத்தெட்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இன்று மாலை ஐந்து மணிக்கு என் மனைவி மேல் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதற்காக இதைச் சொல்கிறேன்.

நாங்கள் விவாகரத்து செய்யவில்லை. ஒன்பது மாதமாகத் தனித்தனி வீட்டில் இருக்கிறோம். ஏழு வயது மகள் ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் மனைவியிடம். நேரில் பார்த்தால் எலியும் பூனையும்தான் என்பதால், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒருவர் மகளை நூலகத்தில், நூலகர் அம்மாவின் மேஜை அருகே உட்கார வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், பத்து நிமிடம் கழித்து மற்றவர் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்களே பேசி வைத்திருந்தோம். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இன்றும் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அதன் பிறகு சிக்னலில் நிற்கும்போது, மகளின் மூச்சுத்திணறலுக்கான இன்ஹேலர் என் சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டு திரும்பினேன். வாசலில் மனைவி வந்துகொண்டிருந்தாள். “இதக்கூட மறந்துட்டீங்களா?” என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அதன் பிறகு உள்ளே போனபோது நாற்காலியில் பை மட்டும் இருந்தது. எங்கள் இருவரையும் வாசலில் பார்த்துவிட்டுக் குழந்தை எழுந்து போனாள் என்றும், எங்களிடம்தான் வருகிறாள் என்று நினைத்ததாகவும் நூலகர் அம்மா சொன்னார்.

மருந்து என் கையில், அவள் எங்கே மூச்சுக்குத் தவிக்கிறாளோ என்று பயந்தேன். அதன் பிறகு, மனைவி என்னை வாசலில் நிறுத்திவைத்து, தன் தங்கையை விட்டுக் குழந்தையைக் கடத்திவிட்டாள் என்று தோன்றியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவள் செருப்பு அறுந்த காலோடு தெருத்தெருவாக மகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு, நானும் உடனிருக்க, நூலகத்தின் பின்புறப் படிக்கட்டின் அடியில் காவலர் மகளைக் கண்டுபிடித்தார். மூச்சு விசில் சத்தமாக வந்தது. மருந்து கொடுத்ததும் தேறினாள். அதற்குள் ஓடிவந்த மனைவி ஏன் ஒளிந்தாய் என்று கேட்டாள்.

“அப்பா போனப்புறம்தானே நீ வருவ. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா நான் எங்க இருக்கணும்னு யாருமே சொல்லலையே” என்றாள் மகள்.



புகாரில் மனைவியைப் பற்றி நான் எழுதிய எதுவும் உண்மையல்ல. இப்போது சொன்னது நடந்தது. அதிகாரி வாசிக்கக் கேட்டேன். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)
குழந்தையின் தந்தை