சீட்டில் உட்காராதவள்

உச்சி வேளை. மே மாதத்து வெயில். செம்பூரைத் தாண்டி, தேவ்நாரையும் தாண்டி, துரோம்பே பக்கம் போகிற சாலை. இரண்டு பக்கமும் உப்பளம்... ஆள் கிடையாது, மரம் கிடையாது. நின்றால் நம் நிழல்கூடக் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிற நேரம்.

இருட்டில் உட்கார்ந்துகொண்டு வெயில் கதை சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். ராத்திரி வருவதற்கென்று நம்மிடம் விளக்காவது இருக்கிறது. பட்டப்பகலில் வந்தால் எதை ஏற்றிவைப்பீர்கள்? கரண்ட் வரும்போது வரட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது நம் வெயிலுமுத்துவின் பெரியப்பாவுக்கு. பெயர் நயினார். வருஷம் அறுபத்து நாலு.

மாட்டுங்கா மார்க்கெட்டில் நயினாருக்குப் பாத்திரக் கடை. நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஒரே ஒரு கிறுக்கு உண்டு... ஒரு பழைய மோரிஸ் கார். தாதரில் ஒரு பார்சி டாக்டர் வீட்டுப் பின்பக்கம் அது கிடந்தது. ஸ்டியரிங்கில் கோழி அடையும். டயர்கள் பாதி மண்ணுக்குள். வெள்ளைக்காரன் காலத்து வண்டி, காயலான் கடைக்குப் போக இருந்தது. நயினார் அதைக் கட்டை வண்டியில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தாராவியில் கரீம் பாட்சா என்று அவருடைய கூட்டாளி. மோட்டார் ஷெட் வைத்திருந்தார். கடையைப் பூட்டினால் நயினார் நேரே அங்கேதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இஞ்சினைப் பிரித்து, சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்து வைப்பார். இல்லாத சாமானுக்குப் பழைய சாமான் விற்கிற சோர் பஜார் முழுக்க அலைவார். பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து... கடைசியில் கரும்பச்சையில் ஒரு பளபளப்பு வந்தது பாருங்கள், அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். சீட்டுக்குத் தாராவித் தோல். நல்ல சிவப்பு. அந்தப் புதுத்தோல் வாசத்துக்காகவே ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பாராம்.

மனைவி முப்பிடாதியம்மாள் ஏற வேண்டுமென்றால் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஏற வேண்டும். அதுவும் முன்சீட்டில். பின்சீட்டில் யாருக்கும் இடமில்லை. அதற்கு வெள்ளை விரிப்பு போட்டுவைத்திருந்தார்.

“பிள்ளையில்லாத வீட்டுல இது ஒண்ணு வந்து தொட்டில்ல படுத்துக்கிடுச்சு,” என்பாள் அவள். நயினார் சிரித்துக்கொள்வார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தனியாகத்தான் வண்டியை எடுத்துப் போனார். துரோம்பே வரை போய்விட்டுத் திரும்பும்போது, உப்பளத்துப் பக்கம் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. நிறுத்தினார். துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார்... உஸ்ஸ்ஸ். ஆவி அடங்கட்டும் என்று நின்றார். கேனில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். “கோவப்படாத ராசாத்தி, இந்தா குடிச்சுக்க,” என்று வண்டியோடு பேசிக்கொண்டே ஊற்றினார்.

பின்னால் கண்ணாடி வளையல் சத்தம்.

“நம்ம ஊருக்காரவுகளா அண்ணாச்சி?”

திரும்பினார். ஒரு பெண். நிறைமாதம். வெறுங்காலோடு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

“வலி எடுத்துருச்சு அண்ணாச்சி. அவுக லோடு லாரியோட தானாவுக்குப் போயிட்டாவ. இந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல. சயான் ஆஸ்பத்திரியில கொண்டு விட்டுருங்க... உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இடுப்புக்குக் கீழே சேலை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்திருக்கிறது. சொட்டு... சொட்டாகப் புழுதியில் விழுகிறது. நயினார் அந்தச் சொட்டைப் பார்த்தார். பிறகு, திறந்து கிடந்த கதவு வழியாக சீட்டைப் பார்த்தார்.

பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அவர் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“சீட்டுல உக்கார மாட்டேன் அண்ணாச்சி,” என்றாள் அவசரமாக. “கீழ உக்காந்துக்கிடுதேன். சீட்டுல ஒண்ணும் படாது.”

இதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்ல வேண்டும்?

நயினார் சொன்னார்: “வண்டி கொதிச்சுப் போச்சு தாயி. ரெண்டு பேர இழுக்காது. நான் செம்பூர் நாக்காவுக்குப் போயி உடனே டாக்ஸி அனுப்புதேன். நீ இங்கனயே நில்லு.”

வண்டி அதற்குள் ஆறியிருந்தது. அது அவருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். சந்தேகமே படவில்லை. “சரி அண்ணாச்சி, சீக்கிரம் அனுப்பிருங்க,” என்று சாலையோரத்து மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நயினார் வண்டிக்கு முன்னால் போய் ஹேண்டிலைச் செருகி ஒரே ஒரு சுற்று... வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அப்போது அவளைத் திரும்பிப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

டாக்ஸி அனுப்ப வேண்டும் என்றுதான் போனார். அதில் பொய் இல்லை. நாக்கா முச்சந்தியில், டீக்கடைப் பக்கம் டாக்ஸி ஒன்றும் நின்றது. அதன் பக்கத்தில்தான் போய் நிறுத்தினார். வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர், தொப்பியும் கைத்தடியுமாக, “அரே வாஹ்... மோரிஸ்!” என்று ஓடிவந்தார். அவருடைய இளவயதில் இதே வண்டியை ஓட்டியிருக்கிறாராம். பானெட்டைத் திறக்கச் சொன்னார். நயினார் திறந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் ஹாரன் அடித்துப் பார்க்கட்டுமா என்கிறான், ஒருத்தன் சீட்டைத் தடவுகிறான், ஒருத்தன் டீ வாங்கிவந்து கையில் கொடுக்கிறான். பெற்ற பிள்ளைக்குப் பரிசு கிடைத்தது மாதிரி நிற்கிறார் நயினார். சோர் பஜாரில் விளக்குக் கண்ணாடி கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற டாக்ஸி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததாம். எதையோ விட்டுவிட்டது போல ஒரு நொடி இருந்ததாம்...

அப்புறம் மறுபடியும் கதையைச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் குளிக்க உட்கார்ந்தார். செம்பிலிருந்து தண்ணீர் சொட்டு... சொட்டாகக் காலில் விழுந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஈரத் தலையோடு ஓடினார். அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது அடங்கிவிட்டது. மைல்கல் இருந்தது. அவள் இல்லை. யாராவது ஏற்றிப் போயிருப்பார்கள், நிச்சயம் ஏற்றிப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே உப்பளத்துக் குடிசைகளுக்கு நடந்தார். ஒரு குடிசை வாசலில் பேராச்சி என்று ஒருத்தி, அழுது அழுது குரல் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“அன்னத்தாயத் தேடியா வந்திய? போயிட்டா அய்யா. தாயும் பிள்ளையுமாப் போயிட்டாவ, அந்த ரோட்டோரத்துலயே. குடிசைக்கு வா, நாங்க பாக்கோம்னு எம்புட்டோ கூப்பிட்டோம். வரல. அண்ணாச்சி டாக்ஸி அனுப்புவாவ, நான் இங்கன இல்லன்னா டாக்ஸி திரும்பிப் போயிரும்னுட்டா. கல்ல விட்டு நகரவே இல்ல...” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க யாரு?”

“சும்மா... வழி கேக்க வந்தேன்,” என்றார் நயினார்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட. என்னவென்று சொல்லுவது? கொன்றுவிட்டேன் என்றா? மறந்துபோச்சு என்றா? இரண்டில் எதைச் சொல்லக் கூச்சம் அதிகம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வண்டியை ஷெட்டில் போட்டு மூடிவிட்டார்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால் முலுண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். “வண்டிய வச்சுக்கிட்டு ட்ரெயின்ல இடிபடணுமா?” என்று முப்பிடாதியம்மாள் கேட்டாள். காரணம் சொல்ல முடியாமல் எடுத்தார். விருந்து சாப்பாட்டுக்குப் போகிற நேரம்... உச்சி வேளை. சயான் தாண்டியதும் வண்டி தானாக மெதுவானது.

பின்பக்கம் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. ஸ்பிரிங் கிறீச் என்றது. யாரோ காலை வைத்து ஏறினால் தாழுமே, அப்படி.

புதுத்தோல் வாசம் போய்விட்டது. உப்புச்சேறும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை வந்தது. அப்புறம் மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு... ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்... வளையல் எதிலோ உரசும் சத்தம். எதுவும் சீட்டு உயரத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

“என்னங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்கு?” என்றாள் மனைவி. அவளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

நயினார் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. திரும்பிக் கீழே பார்க்க அவருக்குத் துணிவில்லை. முலுண்டில் இறங்கியபிறகு பார்த்தார். சீட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கீழே, கால் வைக்கிற இடத்தில் போட்டிருந்த மிதியடி, பிழிந்தால் ஓடும் அளவுக்கு நனைந்திருந்தது.

கழுவிக் காயப்போட்டார். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் மறுபடி ஈரம். மாற்றிப் புதிது போட்டார். அதுவும் நனைந்தது. வண்டி ஓடவே வேண்டாம், ஷெட்டில் நின்றாலே போதும். உச்சி வேளை ஆனால் கீழே ஈரம். மேலே சீட்டு, கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. ஒரு நாள் தேங்காய்ச் சிரட்டையில் இஞ்சினிலிருந்து வடித்த கரி எண்ணெய் எடுத்துப்போய் சீட்டில் ஊற்றிவிடலாமா என்று நின்றாராம். கை வரவில்லை. அதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தாராம்.

எங்கே ஒழுகுகிறது என்று கரீம் பாட்சா வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார். பிறகு மிதியடியைத் தூக்கி விரலால் தொட்டு மோந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி... இது ரேடியேட்டர் தண்ணி இல்ல. மழைத் தண்ணியும் இல்ல. என் வீட்டுல பிரசவம் நடந்திருக்கு. எனக்கு இந்த வாடை தெரியும்.”

நயினார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடையில் நின்று கதை அளந்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாராம்.

பாட்சா மிதியடியைத் தரையில் வைத்தார். திட்டுவார் என்று நயினார் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் பொண்ணு இன்னும் நீங்க சொன்ன சொல்லுலதான் நிக்கு,” என்றார் பாட்சா. “போயி ஏத்திக்கிட்டு வாங்க.”

மறுநாள் உச்சி வேளை. தனியாகப் போனார். மைல்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மழை மேகம் கூடி, காற்றே இல்லை. வெள்ளை விரிப்பை உருவித் தூர எறிந்தார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ஏறு தாயி. மேல உக்காரு.”

ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... பிறகு ஸ்பிரிங் கிறீச் என்று தாழ்ந்தது.

கதவைச் சாத்தினார். ஓட்டினார். தேவ்நார்... செம்பூர்... நாக்காவில் அதே டீக்கடை, அதே கூட்டம். யாரோ கை காட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. பின்னால் மூச்சு இளைத்துக்கொண்டே வந்தது. இன்னும் கீழேயிருந்துதான்.

“மேல உக்காரு தாயி,” என்று கெஞ்சினார். “உன் கால்ல விழுதேன். சீட்டு நாசமாப் போகட்டும். மேல உக்காரு.”

கீழேயிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

“வேண்டாம் அண்ணாச்சி... நல்ல சீட்டு.”

சயான் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். அவர் ஓடிவந்த வேகத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பேஷண்ட் கிதர் ஹை, சேட்?”

பேஷண்ட் எங்கே என்று கேட்கிறான். வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. சிமெண்டுப் படியில் ஈரக் காலடி ஒன்று... அதற்கு மேல் படியில் இன்னொன்று... விழ விழக் காய்ந்துகொண்டே உள்ளே போயின. கதவைப் பிடித்தபடி நடுவாசலில் நின்று அவர் அழுதார். யாரையோ பறிகொடுத்தவர் என்று நினைத்து யாரோ பாவப்பட்டுத் தோளைத் தொட்டு, “உங்களுக்கு என்ன வேணும் அவங்க?” என்று கேட்டார்கள். என்ன உறவென்று சொல்லுவார்?

அதற்குப் பிறகு மிதியடி நனையவில்லை. நயினார் வண்டியை விற்கவும் இல்லை, விரிப்பு போடவும் இல்லை. தாராவியில் யாருக்கு வலி எடுத்தாலும் ஆளனுப்பினால் போதும், கடையை அப்படியே விட்டுவிட்டு வருவார். பின்சீட்டில் படுக்கவைத்துத்தான் கூட்டிப்போவார். சிவப்புத் தோல் கறுத்துப் போயிற்று. உப்பளத்துச் சமாச்சாரம் அவர் இருந்தவரை பாட்சாவோடு நின்றது; பின்னால் பாட்சா சொல்லித்தான் நமக்கே தெரியும். முப்பிடாதியம்மாளிடம் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்... அவளுக்கு எதுவுமே தெரியாது.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் வடாலாவில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். வெயில் சுள்ளென்று இருக்கிறது. ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது.

முப்பிடாதியம்மாள் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“மெள்ள ஓட்டுங்க... இப்பதான் கண்ணசந்திருக்கு.”

நயினார் வண்டியை மெதுவாக்கினார். “எது?” என்றார்.

“எது எது? நான் ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் அவள். உண்மையிலேயே ஒன்றும் புரியாத முகம்.

ஆனால் அவளுடைய ஒரு கை மட்டும் முன்சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் நீண்டிருந்தது. அங்கே எதையோ... மெதுவாக... ஒரே தாளமாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.