செவப்பு முடிச்சு

டீ அப்புறம் குடிக்கிறேங்க்கா. போலீஸ்ல தமிழ் பேசுற பொம்பள கெடைச்சீங்களே, அதுவே போதும். வெளிய நின்னவரு மராத்தியில என்னென்னமோ கேட்டாரு. எனக்கு மராத்தியில கத்திரிக்கா வாங்கத்தான் தெரியும், கம்ப்ளெயின்ட் குடுக்கத் தெரியாது.

இந்த ஒயர் கூடையா? நான் பின்னுனதுதான். திருப்பிப் பாருங்க, அடியில ஒரே ஒரு முடிச்சு செவப்பு. கூடை எந்தக் கலரா இருந்தாலும் அது செவப்புதான். எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல கூடை மாறிறக் கூடாதுன்னு ஆளுக்கொரு கலர் வச்சிருந்தோம், எனக்குச் செவப்பு. கல்யாணமாகி இந்தத் தாபோடிக்கு வந்தப்புறம் எங்க லைன் வீட்டுப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனா, அவங்களும் செவப்பே வச்சிட்டாங்க. பிலிஸ் அக்கா, வனஜா, எல்லாமா எட்டுப் பேரு. மார்க்கெட்ல கூடையத் தூக்கிப் பாத்தாலே நம்மாளுன்னு தெரிஞ்சிரும்.

எங்க வீட்டுக்காரரு சந்துருவுக்கு அதுதான் ஆகல. முன்னெல்லாம் கதவச் சாத்திட்டு அடிப்பாரு, ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. இப்ப எட்டுப் பேரும் வந்து கதவ இடிக்கிறாங்கல்ல? ஒன் கூட்டத்த அறுக்குறேன் பாருடின்னு ஒவ்வொரு கூடையா வெட்ட ஆரம்பிச்சாரு. இந்த வெரலா? அது போன வாரம். கூடைய விடாமப் பிடிச்சேன்னு கதவிடுக்குல வச்சு நசுக்கிட்டாரு. மடங்குதுக்கா, பின்ன முடியுதே.

இன்னைக்கு மத்தியானம் பாப்பாவோட டிபன் கூடைய எடுத்தாரு. அகல்யா தரமாட்டேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நாலு வயசுதான் ஆகுது. கூடைன்னும் பாக்கல, பிள்ளைன்னும் பாக்கல, கத்திரியால ஒரே வெட்டு. காது மடல் தொங்கிப் போச்சு. சேலையில இருக்கறது அவ ரத்தம்தான். பிலிஸ் அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. தையல் போட்டா ஒட்டிக்குமாம்.

அவரா? வீட்லதான் இருக்காரு. ஓட மாட்டாரு. தோசைக்கல்லால பொடனியில ஒண்ணு வச்சேன், சாஞ்சாரு. முட்டியில இன்னொண்ணு, அது வேணும்னேதான். மூச்சு இருக்கு, கெட்ட வார்த்தையும் கொறையல. எந்திரிக்கறதுக்குள்ள கையையும் காலையும் சேத்து, மூணு கட்டு ஒயர்ல பின்னிட்டேன். வாசல்ல வனஜாவும் மத்தவங்களும் காவலுக்கு ஒக்காந்திருக்காங்க.

யாரு கட்டுனதுன்னு எழுதணுமா? மணிக்கட்டுல கடைசி முடிச்சப் பாருங்க, செவப்பு. வரும்போது பெரிய கத்திரியா எடுத்துக்கங்க்கா, கையால அவுக்க முடியாது, இழுக்க இழுக்க இறுகும். எங்க வீட்டுக் கத்திரி இந்தக் கூடைக்குள்ள இருக்கு. கழுவல.