வேலியடியில் நின்றவன்

"...மகளைப் படம் பிடிக்கச் சொன்னால், பின்னுக்கு வேலியடியிலை நிண்டவனையும் உவ்வளவு துலக்கமாப் பிடிச்சு வைச்சிருக்கிறீரே தம்பி!"

ஆனையிறவில் ஆமிக்காரர் எங்களை பஸ்ஸால் இறக்கிச் சோதனைக்கு வரிசையாக விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, வரும் வழியில் பஸ்ஸுக்குள் படத்தைக் கொடுத்துவிட்டு இப்போது பக்கத்தில் நின்ற கமராக்காரரிடம் குரலை அடக்கிச் சீறினார்.

"உச்சி வெயிலக்கா. லென்சின்ரை ஓட்டையைச் சின்னனாக்கினனான். அப்ப தூர நிக்கிறவையும் தெளிவாத்தான் விழுவினம். பெரிசாத் திறந்திருந்தால் உவன் ஆரெண்டே தெரியாது."

"உவன் என்ரை மூத்தவன். ஆமி தேடுற பெடியன்."

"ஐயோ, கிழிச்செறியுங்கோ!"

"கொழும்பிலை மாப்பிள்ளை வீட்டார் மகளின்ரை படத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கினம். வேறை படம் இல்லையே."

வரிசை நகர்ந்தது. அவர் பெருவிரலை நாக்கில் நனைத்து, மகனின் முகத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.