சுவரில் சொருகிய ஃபோன்

மச்சினன்: மாமா, நெசமாச் சொல்லுங்க... இந்த வயரை இங்க சொருகினது யாரு?

மாமா: நான்தான். ஏன், ஃபோன் வயரைச் செவுத்துல சொருகாம உன் மூக்குலயா சொருகுவாங்க?

மச்சினன்: அய்யோ, இது செத்த பிளக்கு! ஃபைபர் போட்ட அன்னிக்கே பழைய கம்பியை வெட்டிட்டுப் போயிட்டான். நாலு மாசமா வெறும் செவுத்தைக் காதுல வச்சுக்கிட்டு இருக்கீங்க.

மாமா: அந்தப் பெட்டி சரியில்லப்பா. பொழுதன்னிக்கும் கண்ணைச் சிமிட்டுது, ஒரு மணி அடிக்கத் துப்பில்ல.

மச்சினன்: மோடம் நல்லாத்தான் இருக்கு. நெட்டு வருதுல்ல? தலைமுடி மாதிரி கண்ணாடி இழை, அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. அதை நெட்டாவும் பேச்சாவும் மாத்திக் குடுக்கறது இந்தப் பெட்டிதான். பின்னால பாருங்க, ஃபோன் படமே போட்டு ஓட்டை விட்டிருக்கான். படம்கூடவா தெரியல?

மாமா: வந்துட்டாரு விஞ்ஞானி! சொந்த வீட்டு மிக்ஸியைக் கழட்டி மாட்டிட்டு ரெண்டு ஸ்க்ரூவை மிச்சம் வச்ச ஆளு.

மச்சினன்: அந்த மிக்ஸி இன்னும் ஓடுது. நீங்க முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தேன்னு வெளிய சொல்லிடாதீங்க... தள்ளுங்க, மாத்திடறேன்.

மாமா: கையை எடு.

மச்சினன்: எதுக்கு?

மாமா: எடுறான்னா...

மச்சினன்: அக்கா பாவம் மாமா. "பையன் கூப்பிட்டிருப்பான்டா, ஃபோனுதான் கெட்டுக் கெடக்கு"ன்னு வாராவாரம் எங்கிட்டச் சொல்லுது. உங்களோட சண்டை போட்டுட்டுப் போனவன் உங்க செல்லுக்கா கூப்பிடுவான்? அம்மாவோட பேசணும்னா அவனுக்கு இந்த ஒரு நம்பர்தான். அதையும் நீங்க...

மாமா: மெதுவாப் பேசு, அடுப்படிக்குக் கேக்கும்.

மச்சினன்: கேக்கட்டும்! உங்க வெவரம் கெட்டத்தனம் ஊருக்கே...

மாமா: அட மக்கு! முதல் வாரம் பெட்டியிலதான்டா இருந்துச்சு. உங்கக்கா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டா. குளிக்கப் போனாக்கூட கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு... சோறு இறங்கல. அவன் கூப்பிடல. ஒரு தடவகூட.

மச்சினன்: ஒரு தடவகூடவா?

மாமா: அதான் பிடுங்கி இங்க சொருகினேன். ஃபோனு கெட்டுப்போச்சுன்னு சொன்ன அன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டா. இப்பப் போயி மாத்து, பெரிய மெக்கானிக்கு...

மச்சினன்: மாமா... அக்கா, நீ எப்ப வந்த?

அக்கா: இவர் கத்தும்போதே வந்துட்டேன். போன மாசம் இவர் ஒரு கல்யாணத்துக்குன்னு வெளியூர் போனாருல்ல, அப்ப நானும் அந்தப் படத்தைப் பாத்துட்டுப் பெட்டியில சொருகிட்டேன்டா. பதினோரு நாள் அடிக்கவே இல்ல. இவர் வர்ற அன்னிக்குக் காலையில நான்தான் எடுத்துத் திரும்பச் செவுத்துல சொருகி வச்சேன்.